பாதி விலையில் ஒரு 43ஆம் இலக்கச் சட்டை

2024 ஜனவரி கடைசியில், மகளுக்குச் சப்பாத்து வாங்க ஸ்காபரோவில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனேன். சப்பாத்து சரிவரவில்லை. வாசலுக்குக் கிட்ட, மலிவு விலைச் சாமான்கள் தொங்கும் கம்பியில், கையுறைகளுக்கும் நீச்சல் உடுப்புகளுக்கும் நடுவே ரொறன்ரோவின் கூடைப்பந்து அணியான ராப்டர்ஸின் சிவப்புச் சட்டை ஒன்று. திருப்பிப் பார்த்தேன்: சியாக்கம், 43. பாஸ்கல் சியாக்கத்தை ராப்டர்ஸ் அணி இண்டியானாவுக்குக் கொடுத்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆள் போனதும் சட்டை பாதி விலைக்கு வந்துவிட்டது. வேறு ஒன்றும் யோசிக்கவில்லை, எடுத்துக்கொண்டு காசாளரிடம் போனேன்.

இது ரசிகர்களுக்கென்று விற்கிற அதிகாரபூர்வச் சட்டை. ஆட்டக்காரர் போடுவது வேறு, அதன் விலையும் வேறு. கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் போட்டுத் தோய்த்துவிட்டு எழுதுகிறேன். துணி சிறு துளைகள் போட்ட பொலியெஸ்டர். உள்ளங்கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் விரல்கள் தெரியும். முதுகில் எழுத்தும் இலக்கமும் வெறும் அச்சு இல்லை, தடித்த துணியில் வெட்டிச் சூட்டில் ஒட்டியவை. விரலால் தடவினால் விளிம்பு தட்டுப்படும், ஆனால் நகம் உள்ளே போகாது. கடையில் நிற்கும்போதே இந்த நகச் சோதனையைச் செய்யுங்கள். இதை நான் கற்றுக்கொண்ட கதைக்கு 2016க்குப் போகவேண்டும்.

2016 ஜூன் 23, மாமி வீட்டு பேஸ்மென்ட். மேசையில் ரோல்ஸ், ரிவியில் ட்ராஃப்ட், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரரை எடுக்கும் நிகழ்ச்சி. ராப்டர்ஸ் அந்த வருடம் 56 ஆட்டம் வென்று, கிழக்குப் பிரிவு இறுதிவரை போய் கிளீவ்லண்டிடம் தோற்றிருந்தது. நன்றாக ஆடின அணிக்கு ட்ராஃப்டில் கடைசி வாங்குதான் கிடைக்கும். நியூயோர்க்கோடு முன்னர் செய்த மாற்றத்தால் 9ஆம் இடம் ஒன்றும் கைவசம் இருந்தது, அதில் ஒஸ்திரியாக்காரன் யாக்கோப் பெர்ட்லை எடுத்தார்கள். அதற்கு யாரும் மூச்சு விடவில்லை. சண்டை தொடங்கியது ராப்டர்ஸின் அடுத்த முறையான 27ஆம் இடத்தில்.

நான் ஸ்கால் லாபிசியே பக்கம். ஹெய்ட்டிப் பொடியன், ஏழடிக்குக் கிட்ட உயரம், கென்டக்கியில் ஆடினவன். பள்ளிக்கூடக் காலத்தில் அந்த வயதுக்காரரில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டவன், அவன் 27 வரைக்கும் சறுக்கி வந்து கையில் விழுகிறான். எடுக்காமல் விடுவார்களா? விட்டார்கள். நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் ஆடிய, 22 வயதான, கமரூன் நாட்டுச் சியாக்கத்தை எடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் போவான் என்றுதான் பலர் கணித்திருந்தார்கள். எனக்கு வாய் கசந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் 20ஆம் இடத்தில், ஒருவருக்கும் தெரியாத பிரேசில் பொடியன் ப்ரூனோ கபோக்ளோவை எடுத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தோம். அந்தக் காய்ச்சல் இன்னும் விட்டபாடில்லை.

“உவனை ஏன் மச்சான் எடுத்தவங்கள்?” என்று கத்தினேன்.

மச்சான் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னான்: “சுவாமியாருக்குப் படிச்ச பொடியனாம். பிழைக்கமாட்டான்.”

மச்சான் யாழ்ப்பாணத்தில் சுவாமிமாரிடம் படித்தவன். சியாக்கத்தைச் சின்ன வயதிலேயே தகப்பன் குருமடத்தில் சேர்த்தார் என்பதும், பந்தைக் கையில் எடுத்ததே பதின்ம வயதின் கடைசியில்தான் என்பதும் உண்மை. அந்த ஒரு தகவல் மச்சானுக்குப் போதுமாக இருந்தது. கல்லூரியில் ஆட்டத்துக்கு 20 புள்ளி, 11க்கு மேல் ரீபவுண்ட் எடுத்தான் என்பதையெல்லாம் அவன் பிறகுதான் பார்த்தான். நான் சொன்னேன்: “இவன் ராப்டர்ஸுக்காக இறுதிப்போட்டியில முதல் ஐந்து பேரில இறங்கினால் உனக்குச் சட்டை வாங்கித் தாறன்.” ராப்டர்ஸ் அதுவரை இறுதிப்போட்டியை எட்டியும் பார்த்ததில்லை. காசு போகாது என்ற தைரியம்.

2019 மே 30, இறுதிப்போட்டி முதலாம் ஆட்டம், கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக. சியாக்கம் முதல் ஐவரில். 17 தடவை எறிந்து 14ஐப் போட்டான், 32 புள்ளி. மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. என் தோளில் கையை வைத்து முதுகில் 43 என்று விரலால் எழுதிக் காட்டினான்.

அந்த வாரம் நகரத்தில் நல்ல சட்டை எங்கேயும் இல்லை. தெருவோரம் ஒருவரிடம் 30 டொலருக்கு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். முதல் தோய்ப்பில் இலக்கத்தின் ஓரம் சுருண்டது. இரண்டாவதில் சுருக்கம் எழுத்துக்கும் ஏறியது. மூன்றாவதில் மாமி சுடச்சுட ட்ரையரில் போட்டு எடுத்தார், பெயரில் கே எழுத்தைக் காணவில்லை. பிறகு அது மாமியின் கால் மேசில் ஒட்டியிருந்தது. போதாக்குறைக்குக் கோழிக்கறி மஞ்சள் நெஞ்சில் ஊறி, என்ன செய்தும் போகவில்லை. பந்தயம் கழியவில்லை என்று மச்சான் தீர்ப்புச் சொன்னான். அக்டோபரில் முழு விலை கொடுத்து, 130 டொலருக்கு மேல் எண்ணிவைத்து, அசல் சிவப்புச் சட்டை வாங்கிக் கொடுத்தேன். அதே மாதம் அணி சியாக்கத்தோடு நான்கு வருடத்துக்கு, 130 மில்லியன் அமெரிக்க டொலருக்கு ஒப்பந்தம் போட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே இலக்கத்தில் அடி.

ஆக, எங்கள் குடும்பத்தில் இப்போது இரண்டு அசல்கள். மச்சானுடையது ஆறாவது வருடத்தில் ஓடுகிறது, எழுத்து அசையவில்லை. நிறம் கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான். என்னுடையதில் ஒரு பிழை நடந்தது. குளிர்காலக் கோட்டின் கைப்பட்டையில் இருக்கும் முள்ளு ஒட்டி இடுப்புப் பக்கத்தில் உரசி, மூன்று நூல் இழுபட்டுவிட்டது. இந்தத் துணிக்கு எதிரி அதுதான். உள்பக்கம் வெளியே வரத் திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் தோய்த்து, கொடியில் காயவிடுங்கள். வெள்ளை வேண்டாம். ரோல்ஸும் கறியும் இல்லாமல் ஆட்டம் பார்க்கத் தெரியாத எங்களைப் போன்றவர்களுக்குச் சிவப்பு ஒன்றே கதி. அளவு 48 என்றால் லார்ஜ், உள்ளே ஹூடி போடுவதாக இருந்தால் அதைவிட ஒன்று கூட எடுங்கள். கையில்லாச் சட்டை, இந்த ஊரில் வெறுமையாகப் போட்டுத் திரிய மூன்று மாதம்தான் கிடைக்கும்.

சட்டை வந்தும் சண்டை ஓயவில்லை. மச்சான் கட்சி: அணியின் அப்போதைய நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி கண் வைத்து எடுத்த பிள்ளை. என் கட்சி: எடுத்ததில் அரைவாசிதான், மிச்சம் மிசிசாகாவில் நடந்தது. முதல் பருவத்தில் ஜாரெட் சலிஞ்சருக்குக் கால் காயம் என்பதால்தான் சியாக்கத்துக்கு 38 ஆட்டம் தொடக்க வாய்ப்பே கிடைத்தது. பிறகு இடம் போய், மிசிசாகாவில் ஆடும் பயிற்சி அணியான ராப்டர்ஸ் 905க்கு இறக்கிவிட்டார்கள். அப்போது நான் சிரித்தேன், மறைக்கவில்லை. 2017 ஏப்ரலில் 905 கிண்ணம் வென்றது, இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரன் சியாக்கம். அந்தச் சுழன்று திரும்பும் அசைவை ஒன்றுக்குப் பத்துத் தடவை பிழைவிட்டுப் பழக அங்கே இடம் இருந்தது. முதல் சுற்றில் எடுத்தால் இரண்டு வருடச் சம்பளம் உறுதி, மூன்றாம் நாலாம் வருடம் அணியின் விருப்பம். அந்த அவகாசத்தை என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதே ட்ராஃப்டில் 29இல் சான் அன்டோனியோ எடுத்த டிஜோன்டே மரேயும் அவர்களுடைய ஒஸ்டின் பயிற்சி அணியில் இப்படிப் பழகித்தான் 2022இல் ஓல்-ஸ்டார், அதாவது அந்த வருடத்துச் சிறந்த ஆட்டக்காரரில் ஒருவன், ஆனான்.

“அப்ப உன்ர லாபிசியே?” என்பான் மச்சான். “28இல போனவன். சாக்ரமென்டோ அவனையும் ரீனோவுக்கு அனுப்பிப் பழக்கினது தானே. ஏன் வரேல்லை?”

இதற்கு இன்றுவரை எனக்கு நல்ல பதில் இல்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பேன். அவன் சுவாமியார் கதையை எடுப்பான்.

2025இல் சியாக்கம் இண்டியானாவை இறுதிப்போட்டிவரை கொண்டுபோனான், கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரன் விருதும் வாங்கினான். ஏழாவது ஆட்டத்தில் ஒக்லஹோமாவிடம் தோற்றார்கள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும், வேறு அணிக்கு ஆடுகிறவனின் பழைய ராப்டர்ஸ் சட்டையோடு அதே பேஸ்மென்டில் இருந்தோம். விற்றுப்போன ஆளின் சட்டையை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கிண்ணம் வென்ற ஆள் என்றால், பாதி விலை என்றால், வாங்குங்கள். முழு விலைக்கு இப்போது வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று கைக்குழிக்கு: அகலம் கூட, குனிந்தால் உள்ளே போட்டிருக்கும் பனியன் முழுக்கத் தெரிகிறது. மச்சான் வாசித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தெருவோரச் சட்டையையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஐந்துக்கு இரண்டரைதான் வரும் என்கிறான். அது இன்னும் மாமியிடம் இருக்கிறது, அடுப்படி துடைக்க.