கோவை தேடும் நேரம்: திருகோணமலையில் ஓர் அலுவலக ஒழுங்கமைப்புச் சேவை பற்றி

எங்கள் அலுவலகம் திருகோணமலை மத்திய வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருக்கிறது. கணக்கு எழுதுவது, வருமான வரி விபரத்திரட்டுத் தயாரிப்பது, சிறு நிறுவனங்களின் ஊழியர் சேமலாப நிதி வேலைகளைப் பார்ப்பது என்பவையே எங்கள் தொழில். இரண்டு அறைகளில் ஐந்து பேர் வேலை செய்கிறோம். முந்நூறுக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். சென்ற செப்டெம்பரில் அலுவலகத்தை ஒழுங்குபடுத்தித் தரும் ஒரு சேவையை மூன்று நாட்களுக்கு அமர்த்தினோம். வேலை முடிந்த கையோடு எழுதினால் புதுப் பூச்சின் பளபளப்பை மட்டுமே எழுத நேரிடும் என்பதால், ஒரு மாரி காலமும் ஒரு நவம்பர் மாதமும் கடந்த பிறகே இதை எழுதுகிறேன். தங்கள் பெயரை இணையத்தில் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் பெயர் தரவில்லை. அரச அலுவலகம் ஒன்றின் ஆவண அறையில் நீண்ட காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவும், தச்சு வேலையும் மின் வேலையும் தெரிந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்ததே அந்தச் சேவை.

அவர்கள் அலுமாரியைத் திறப்பதற்கு ஒரு வாரம் முன்னரே எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கொப்பியைக் கொடுத்து, எதையாவது தேட எழும்பிய நேரத்தையும் அது கைக்குக் கிடைத்த நேரத்தையும் எழுதி வைக்கச் சொன்னார்கள். வேலைக்கு நடுவில் இது என்ன தொந்தரவு என்று முதல் நாள் எல்லோருக்கும் சலிப்பாகவே இருந்தது. வார முடிவில் ஐந்து கொப்பிகளையும் கூட்டிப் பார்த்தபோது பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் வந்தது. ஒருவருடைய ஒரு முழு நாள் வேலையும் அடுத்த நாளில் சில மணி நேரமும் கோவை தேடுவதிலேயே போயிருக்கிறது என்பதை எங்கள் சொந்தக் கையெழுத்தில் பார்த்த பிறகு, அந்தச் சேவை தேவையா என்ற பேச்சு எங்களிடையே எழவேயில்லை.

ஐந்து 'எஸ்' முறை இலங்கை அலுவலகங்களுக்குப் புதியதல்ல. ஜப்பானிய மொழியில் செய்ரி, செய்டொன், செய்சோ, செய்கெட்சு, சிட்சுகே என்று வரும் அந்த ஐந்து சொற்களையும் தேசிய உற்பத்தித்திறன் செயலகம் பல ஆண்டுகளாகப் பாடசாலைகள் முதல் பிரதேச செயலகங்கள் வரை கொண்டு சென்றிருக்கிறது. வேண்டாதவற்றைப் பிரித்தெடுப்பது, வேண்டியவற்றுக்கு இடம் குறிப்பது, துப்புரவு செய்வது, அதை ஒரு நியமமாக்குவது, அந்த நியமத்தைப் பழக்கமாக்குவது என்று அதைச் சொல்லலாம். சுவரில் அந்த ஐந்தையும் எழுதி ஒட்டிவிட்டு, கீழே கடதாசிக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். இவர்களும் அதே முறையைத்தான் பின்பற்றினார்கள். ஆனால் எதையும் ஒட்டவில்லை, அந்த அம்மா முதல் கோவையைக் கையில் எடுத்தபடி, “தம்பி, இதைத் தேடி வருகிறவர் என்ன சொல்லிக் கேட்பார்?” என்று கேட்டார். இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் அந்தக் கேள்வியில் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் கோவைகள் ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. திருகோணமலையில் அப்படி அடுக்கினால் என்ன நடக்கும் என்பதை இங்கே வேலை செய்தவர்கள் அறிவார்கள். தமிழ்ப் பெயர்களில் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கிறது. சிவலிங்கம் என்பவரின் கோவையை ஒருவர் அவருடைய பெயரின் எழுத்தில் வைப்பார், இன்னொருவர் தலைப்பெழுத்தில் வைப்பார். முஸ்லிம் வாடிக்கையாளர்களில் பலருக்குப் பெயர் 'எம்' என்ற எழுத்தில் தொடங்குவதால் எங்கள் இரண்டரைத் தட்டுகளை அந்த ஓர் எழுத்தே நிரப்பியிருந்தது. சிங்களப் பெயர்களுக்கு முன்னால் மூன்று, நான்கு எழுத்துகள் வரிசையாக வரும். ஒரே மனிதரின் பெயர் அடையாள அட்டையில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் இன்னொரு விதமாகவும், வியாபாரப் பதிவில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். வாசலில் நின்று கேட்பவரோ இவற்றில் எதையும் சொல்ல மாட்டார். “குச்சவெளியில் வாடி வைத்திருக்கிறவருடைய மகன் நான்” என்றுதான் சொல்வார்.

எனவே அவர்கள் அகரவரிசையை முழுவதுமாகக் கைவிட்டு, ஒவ்வொரு கோவைக்கும் ஒரு தொடர் இலக்கம் கொடுத்தார்கள். அந்த இலக்கத்துக்கு வழி காட்ட ஒரு தடித்த பதிவுப் புத்தகத்தை உருவாக்கினார்கள். அதில் அடையாள அட்டையிலுள்ள பெயர், அந்த மனிதரை ஊரார் அழைக்கும் பெயர், தொழில், ஊர், வரி செலுத்துநர் அடையாள இலக்கம் என்று ஐந்து நிரல்கள் உள்ளன. ஊர்ப் பெயரும் அழைக்கும் பெயரும் தமிழில் எழுதப்பட்டன. கோவையின் முதுகில் ஊருக்கு ஒரு நிறத்தில் பட்டி ஒட்டப்பட்டது: கிண்ணியாவுக்குப் பச்சை, மூதூருக்கு மஞ்சள், நிலாவெளி குச்சவெளிப் பக்கத்துக்கு நீலம், கந்தளாய்க்கு மண்ணிறம், நகரத்துக்கு வெள்ளை. இரண்டாம் நாள் பின்னேரம் அந்த அம்மா வாடிக்கையாளர் கதிரையில் அமர்ந்துகொண்டு, எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த பிள்ளையிடம், “மகள், நான் நிலாவெளியில் விடுதி நடத்துகிறேன், போன வருடக் கணக்கு வேண்டும்” என்றார். அந்தப் பிள்ளை ஊர் நிரலில் விரலை ஓட்டி, நீலப் பட்டிகளுக்கு நடுவில் இலக்கத்தைப் பார்த்து, கோவையை மேசையில் வைக்க ஒரு நிமிடமும் ஆகவில்லை. பதினாறு ஆண்டுகளாக இங்கே வேலை செய்யும் எங்கள் மூத்த லிகிதர் இல்லாமல் ஒரு கோவை கைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

கடற்காற்றைப் பற்றி அவர்கள் அறிந்திருந்தது எனக்கு மிகவும் பிடித்தது. இந்த ஊரில் இரும்பு எதுவும் நிலைப்பதில்லை. பழைய கோவைகளைத் திறந்தபோது ஸ்டேப்ளர் கம்பிகள் கரைந்து, கம்பி இருந்த இடத்தில் ஒரு செம்மண்ணிறக் கோடு மட்டும் கடதாசியைத் துளைத்து நின்றது. தொட்டால் அந்தக் கோட்டின் வழியாகவே தாள் கிழிந்தது. நெடுங்காலம் வைத்திருக்க வேண்டிய கோவைகளிலிருந்து கம்பிகளையும் கிளிப்புகளையும் கழற்றி, துளையிட்டுப் பருத்தி நாடாவால் கட்டினார்கள். மழை அடிக்கும் வெளிச்சுவரோடு ஒட்டி நின்ற அலுமாரிகளை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, சுவருக்கும் அலுமாரிக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விட்டு, அடித்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தினார்கள். கறையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும் என்பதற்காகவே அந்த இடைவெளி. மாரி மழை கொட்டும் நவம்பரில்தான் வருமான வரி விபரத்திரட்டுக்கான கடைசித் திகதியான 30ஆம் திகதியும் வருகிறது. எல்லாக் கோவைகளையும் திறக்க வேண்டிய மாதத்தில் அலுமாரிக்குள் ஈரம் ஏறாதது எங்களுக்கு இதுவே முதல் தடவை.

கழிப்பது என்ற வேலைதான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. இங்கே ஒரு துண்டுக் கடதாசியையும் யாரும் எளிதில் எறிய மாட்டார்கள். 1990இல் வீட்டை விட்டு ஓடியவர்களும், 2004 டிசெம்பர் 26 அன்று கடல் வந்தபோது எல்லாவற்றையும் இழந்தவர்களும் பிறகு பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் எத்தனை படி ஏறினார்கள் என்பது எங்கள் குடும்பங்களுக்குள் இருக்கும் நினைவு. எங்கள் மூத்த லிகிதர் 2001ஆம் ஆண்டுப் பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு விடவே மறுத்தார். அந்த அம்மா வாதாடவில்லை. “ஐயா, இது உங்களிடமே இருக்கட்டும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கட்டும்” என்று சொல்லி, 'தீர்மானிக்கப்படாதவை' என்று எழுதிய பெட்டிக்குள் அதை வைத்து, பெட்டியின் மேல் ஆறு மாதத்துக்குப் பிந்திய ஒரு திகதியை எழுதினார். அந்தப் பெட்டிகள் நான்கு இப்போதும் பின் அறையில் இருக்கின்றன. மேசைகளின் மேலும் மேசைகளுக்கு அடியிலும் இருந்த கட்டுகள் இல்லை.

இதே இடத்தில்தான் சேவையின் முதற்குறையையும் சொல்ல வேண்டும். ஐந்து வருடத்துக்கு முற்பட்ட எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வெட்டிவிட அவர்கள் முதலில் திட்டமிட்டிருந்தார்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் வரி ஆவணங்களுக்கு ஐந்து வருடம் என்பது பொதுவான அளவு. ஆனால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி கம்பனியாகப் பதிந்தவர்கள் நடப்புக் கணக்காண்டோடு, முடிந்த பத்துக் கணக்காண்டுகளின் பதிவேடுகளையும் வைத்திருக்க வேண்டும். சேமலாப நிதிப் பதிவுகளுக்கு எங்கள் அனுபவத்தில் முடிவே இல்லை: ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் வழமையாக அந்தப் பணம் எடுக்கப்படுகிறது, இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒருவர் முப்பது வருடம் கழித்து வந்து, தன் பெயர் பிழையாகப் பதியப்பட்டிருக்கிறது, பழைய பட்டியலைக் காட்டுங்கள் என்று கேட்கலாம். இதை நாங்கள் எடுத்துச் சொன்னதும் அவர்கள் உடனே ஏற்று, மூன்று வகைக்கும் வேறு வேறு கழிப்புத் திகதிகளை எழுதினார்கள். ஆனாலும் நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அது நடந்திருக்காது. அமர்த்துபவர்கள் தங்கள் துறைக்குரிய காலவரையறையை ஒரு தாளில் எழுதி முதலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

கழித்த கடதாசி எங்கே போகிறது என்பதிலும் கண்டிப்பாக இருங்கள். பழைய கடதாசி வாங்குபவருக்கு நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்பதே அந்த இளைஞர்களின் யோசனையாக இருந்தது. சில வருடங்களுக்கு முன் கடற்கரையில் நான் வாங்கிய கச்சான் சுருளை விரித்தபோது, உள்ளே யாரோ ஒருவருடைய சம்பளப் பட்டியல் பெயரோடும் கணக்கு இலக்கத்தோடும் இருந்தது. அது எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பதும் அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆகவே வங்கிக் கூற்றுகளையும் அடையாள அட்டைப் பிரதிகளையும் எங்கள் முன்னிலையிலேயே வெட்ட வேண்டும் என்று கேட்டோம். அதற்காக ஒரு வெட்டும் இயந்திரத்தை இரவலாகக் கொண்டுவந்து, மூன்றாம் நாள் இருட்டும் வரை நின்று வெட்டித் தந்தார்கள். மேலதிகக் கட்டணம் கேட்கவில்லை.

அறையின் அமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போட்டோக்கொப்பி இயந்திரம் பின் அறையின் மூலையிலிருந்து இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள வாசலுக்கு வந்தது. இந்த வருடக் கோவைகள் கதிரையில் இருந்தபடியே எட்டும் உயரத்துக்கு வந்தன. முத்திரைகளுக்கும் இறப்பர் முத்திரைகளுக்கும் ஒரே லாச்சி ஒதுக்கப்பட்டது. எளிய மாற்றங்கள்தான் என்றாலும் இவற்றை நாங்களே செய்யாமல் இத்தனை வருடம் நடந்து திரிந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இன்னும் இரண்டு குறைகள் உண்டு. தலைப்புப் பட்டிகளை அவர்கள் வெப்பத்தால் அச்சிடும் சிறு இயந்திரத்தில் அடித்தார்கள். அந்த வகைக் கடதாசி வெயிலுக்கு மங்கிவிடும்; யன்னலோரத் தட்டில் இருந்தவை ஜனவரியிலேயே வாசிக்க முடியாமல் போனதால் அழியாத மையால் கையால் எழுதி மாற்றினோம். அடுத்தது கணினி. வாடிக்கையாளர்கள் இப்போது பற்றுச்சீட்டுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அந்தப் படங்கள் ஐந்து பேரின் தொலைபேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. கடதாசிக் கோவைக்கு இவ்வளவு கவனமாக இடம் குறித்தவர்கள் இதைத் தொடவே இல்லை. அது தங்களுக்குத் தெரியாத வேலை என்று நேர்மையாகச் சொன்னார்கள். பதிவுப் புத்தகத்தின் அதே இலக்கத்தைக் கணினிக் கோப்புறைகளுக்கும் கொடுத்து, அன்றன்று மாலை படங்களை அதற்குள் மாற்றும் வழக்கத்தை நாங்களே தொடங்கியிருக்கிறோம். பாதித் தூரம்தான் வந்திருக்கிறோம்.

மூன்று நாட்களுக்கும், பெட்டிகள், நாடா, தட்டுப் பலகை உட்பட, நாற்பத்தையாயிரம் ரூபாய் கொடுத்தோம். எங்களைப் போன்ற சிறிய அலுவலகத்துக்கு இது யோசித்துச் செய்ய வேண்டிய செலவு. நவம்பர் இரண்டாம் வாரத்தில், வேலை உச்சத்தில் இருந்தபோது, அதே சிறு கொப்பிகளை மீண்டும் எடுத்து ஒரு வாரம் எழுதினோம். ஐவருக்கும் சேர்த்துத் தேடிய நேரம் மூன்று மணித்தியாலத்துக்குக் குறைவாக இருந்தது, அதிலும் பாதி தொலைபேசியில் படம் தேடிய நேரம். அந்த மாதம் ஒரு நாளாவது இரவு எட்டு மணிக்குப் பிறகு யாரும் அலுவலகத்தில் இருக்கவில்லை. முந்தைய வருடங்களில் கடைசி வாரம் முழுவதும் பத்து மணிவரை இருந்திருக்கிறோம்.

கடதாசி மிகுந்த அலுவலகங்களுக்கு, குறிப்பாகச் சட்டத்தரணிகள், நொத்தாரிசுகள், கூட்டுறவுச் சங்கங்கள், சிறு வைத்திய நிலையங்கள் போன்றவற்றுக்கு, இவர்களைப் போன்றவர்களைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முழுவதும் கணினியில் வேலை செய்யும் இடங்களுக்கு இவர்களால் பெரிய பயன் இல்லை. மாரிக்கு முன்பு, ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில் அமர்த்துங்கள். கோவைகளை முற்றத்தில் விரித்துப் பிரிக்க வெயில் வேண்டும். எங்கள் 'தீர்மானிக்கப்படாதவை' பெட்டிகளில் எழுதிய திகதி அடுத்த மாதம் வருகிறது. அன்றைக்கு அந்த அம்மாவை அரை நாளுக்கு மீண்டும் அழைத்திருக்கிறோம். 2001ஆம் ஆண்டுக் கட்டைத் தானே பிரித்துப் பார்ப்பதாக எங்கள் மூத்த லிகிதர் சொல்லியிருக்கிறார்.