ஐந்து லட்சம் கட்டினேன், ஐந்தொகை கேட்கவில்லை

காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டைப் பக்கம் யாராவது வந்து "உறுப்பினர்களே நடத்தும் பறக்கும் கிளப், விமானத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு" என்று பேசினால், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஐந்து லட்சம் கட்டினேன். இரண்டு வருஷத்தில் பறந்தது 11 மணி நேரம். பணம் போனதுகூடப் பெரிதில்லை. அந்த விமானத்தில் என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒருமுறை பறந்திருக்கிறேன். பின்னால் தெரிய வந்ததை நினைத்தால் இன்றைக்கும் ராத்திரி தூக்கம் கெடுகிறது.

செட்டிநாட்டுக் கால்நடைப் பண்ணைப் பக்கம் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட பழைய ஓடுதளம் இருக்கிறதே, அதைச் சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஆசை அங்கே பிடித்தது. கடை ஓரளவு நிலைத்த பிறகு, ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து 40 மணி நேரம் முடித்து, தனியார் விமானி உரிமம் வாங்கினேன். சிக்கல் அதற்கப்புறம்தான். உரிமம் கையில் இருக்கும், ஓட்ட விமானம் இருக்காது. பயிற்சிப் பள்ளிகளுக்கு, வணிக விமானி உரிமத்துக்காக 200 மணி நேரம் பறக்க வேண்டிய பிள்ளைகளைக் கவனிக்கவே நேரம் சரியாக இருக்கும். மாதம் ஒரு மணி நேரம் கேட்கிற கடைக்காரனுக்கு யார் விமானத்தை ஒதுக்குவார்கள்? ஆறு மாதம் பறக்காமல் இருந்தால் தரையிறக்கும்போது கை தடுமாறும்.

அதனால் பத்துப் பேர் சேர்ந்து ஒரு விமானத்தை வைத்துக்கொள்ளும் யோசனையில் எந்தத் தப்பும் இல்லை. நிறுத்தும் வாடகை, காப்பீடு, வருஷாந்தரப் பரிசோதனை எல்லாம் பங்கு போட்டால் தாங்கும். நம் நாட்டில் பறக்கக் கற்றுக்கொடுத்ததே கிளப்புகள்தான். ஜே.ஆர்.டி. டாடா 1929-இல் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை வாங்கியது பம்பாய் பறக்கும் கிளப்பில் பறக்கக் கற்றுக்கொண்டுதான். நான் ஏமாந்தது கிளப் என்ற பெயரில் ஒரே ஆள் நடத்திய கடையில்.

முதல் கூட்டம் கானாடுகாத்தானில் ஒரு வீட்டு வளவில் நடந்தது. கந்தரப்பமும் காபியும் கொடுத்தார்கள். செயலாளர் என்று அறிமுகமானவர் நன்றாகப் பேசினார். "நம்ம ஊர்க்காரங்க கடல் தாண்டிக் கொண்டுவிக்கப் போனவங்க. நமக்கு ஒரு விமானம் வேண்டாமாண்ணே?" என்றார். செஸ்னா 172, நாலு இருக்கை, மொத்தம் 12 பேர், ஆளுக்கு ஐந்து லட்சம். மாதச் சந்தா தனி, பறக்கிற மணிக்கணக்குக் கட்டணம் தனி. இப்போதைக்கு விமானம் பக்கத்து மாநிலத்தில் ஒரு சின்னத் தளத்தில் நிற்கும், நம் ஓடுதளம் திறந்ததும் இங்கேயே கொண்டுவந்துவிடலாம் என்றார். கேட்டதும் எனக்கு மனசு உருகிவிட்டது.

வீட்டுக்கு வந்து அப்பச்சியிடம் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஐந்தொகை பார்த்தியாப்பா?" சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்று காட்டும் கணக்குக்குத்தான் அந்தப் பெயர். புதுசாக ஆரம்பிக்கிறார்கள், ஐந்தொகை எப்படி இருக்கும் என்றேன். "அப்ப பேரேடு யார் கையில இருக்கும்னாவது கேட்டியா?" கேட்கவில்லை. 1937-இல் ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என்று மூன்று இடத்தில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறந்த மண் இது. இங்கே பிறந்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் பணம் கட்டினேன்.

ரசீது வந்தது. அதில் "பங்கு" என்ற சொல்லே இல்லை. "சேர்க்கைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று இருந்தது. கேட்டதற்கு, "வரிக்காக அப்படி எழுதுறதுண்ணே" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். பங்கு என்று வாயால் சொல்லிவிட்டுக் கட்டணம் என்று எழுதித் தந்தால், அந்தப் பணம் உங்களுடையது இல்லை. அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் இரவு பஸ் ஏறிப் போவேன். பாதி நாள் விமானம் வேறு யாருக்கோ ஒதுக்கியிருக்கும். 12 பேருக்கு ஒரு விமானம் என்றால் இவ்வளவு தட்டுப்பாடு வராது. ஒருநாள் அங்கே சந்தித்த இரண்டு பேரும் நான் கேள்விப்படாத பெயர்கள், அவர்களும் ஐந்து ஐந்து லட்சம் கட்டியவர்கள். தெரிந்தவர்களை எல்லாம் எண்ணிப் பார்த்ததில் 27 பேர் வந்தது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் 12 பேர்தான் இருந்தோம். மற்றவர்களுக்குத் தனித்தனிக் குழுக்கள்.

அப்போதாவது விழித்திருக்க வேண்டும். விழித்தது மீட்டரைப் பார்த்தபோதுதான்.

எஞ்சினை அணைத்ததும் மீட்டரை போனில் படம் எடுப்பது என் பழக்கம். அந்த செஸ்னாவில், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டேக்கோமீட்டருக்குள்ளேயே எஞ்சின் ஓடிய கணக்கு எண்ணாக நகரும். தை மாதம் நான் எடுத்த படத்தில் 3298.4. சித்திரையில் ஏறி உட்கார்ந்தபோது 3341.1. இடையில் 42.7 மணி. பயணப் பதிவேட்டைப் புரட்டினேன். அந்த மூன்று மாதத்துக்கு எழுதியிருந்தது 6 மணி 20 நிமிடம். மிச்சம் 36 மணிக்கு மேல் எங்கே போனது? டேக்கோமீட்டர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது கடிகாரத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஆக உண்மையில் ஓடிய நேரம் இன்னும் கூடுதல்.

இதைப் பணக்கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். விமானத்தின் பராமரிப்பு முழுக்க இந்த மணிக்கணக்கின் மேல் நிற்கிறது. புத்தகப்படி 100 மணி நேரப் பரிசோதனைக்கு இன்னும் 22 மணி பாக்கி இருந்தது. மீட்டர்படி 14 மணி தாண்டியாகிவிட்டது. அந்த வகை லைகமிங் எஞ்சினுக்கு 2,000 மணி நேரத்தில் முழுப் பிரிப்பு வேலை, அதாவது மொத்தமாகக் கழற்றிப் புதுப்பிப்பது, என்பது தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு. அந்த எண்ணையே மறைத்தால் எஞ்சினின் வயது யாருக்குத் தெரியும்?

அங்கே வேலை செய்த பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் தயங்கினான். அப்புறம், "சனி ஞாயிறு குடும்பம் குடும்பமா வருவாங்க சார். ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு ஒரு சுத்து சுத்தி இறக்கிவிடுவாங்க. எனக்கே மூணு மாசமா சம்பளம் வரல" என்றான். தனியார் வகையில் பதிவான விமானத்தில் பணம் வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றக் கூடாது. ஏதாவது ஆனால் காப்பீடும் கைவிரித்துவிடும்.

இருந்தாலும் வந்தது வந்தோம், ஓட்டிவிட்டுப் போவோம் என்று பறப்புக்கு முந்தைய சோதனையை ஆரம்பித்தேன். இறக்கைக்கு அடியில் வால்வைத் தள்ளி எரிபொருளைச் சின்னக் குப்பியில் பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்தாக நிற்கும். விமான பெட்ரோல் 100எல்எல் நல்ல நீல நிறம், வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்று தெரியும். என் குப்பியில் இருந்தது வெளிறிய மஞ்சள், ஏதோ கொஞ்சம் நீலம் கலந்த மாதிரி. முகர்ந்தேன். நம் ஊர் பங்க் வாசனை. கொட்டகைச் சுவரோரம் நாலு பிளாஸ்டிக் கேன் நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது.

பங்க் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், எல்லாருக்கும் தெரியும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதற்கென்று செய்யாத ரப்பர் குழாயையும் அடைப்பையும் கெடுக்கும். ரோட்டில் எஞ்சின் நின்றால் வண்டியை ஓரம் கட்டலாம். ஆயிரம் அடியில் நின்றால்? என் மகளைக் கூட்டிப்போன அன்று குப்பியில் என்ன நிறம் இருந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், நினைவுக்கு வரவில்லை. அந்தத் தளத்தில் விமானத்தைத் தொடாமல் நின்றபடியே செயலாளருக்கு போன் போட்டேன். "பெட்ரோல் பெட்ரோல்தானேண்ணே, நீங்க ரொம்ப யோசிக்கிறீங்க" என்றார். வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

கிளம்புமுன் செய்த ஒரு நல்ல காரியம், விமானத்துக்குள் இருந்த காகிதங்களை எல்லாம் படம் எடுத்தது. பதிவுச் சான்றிதழ் உள்ளேயேதான் இருக்க வேண்டும், 11 மணி நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன், ஒருநாளும் எடுத்துப் படித்ததில்லை. உரிமையாளர் பெயர் கிளப் இல்லை, செயலாளரின் மச்சினன். காப்பீட்டுத் தாளில் ஓட்ட அனுமதி மூன்றே மூன்று பெயர்களுக்கு. அதில் நான் இல்லை. மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தேன், கிளப் பெயரில் சங்கமே பதிவாகவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்கீழ் பதிவு செய்திருந்தால் வருஷா வருஷம் கணக்குக் காட்டியாக வேண்டும். அந்தத் தொல்லையே வேண்டாம் என்று இருந்திருக்கிறார்கள். இவை எல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் அரை நாளில் விசாரித்துவிடக் கூடியவை. உரிமையாளர் யார் என்று, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விமானப் பதிவுப் பட்டியலில், வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துகளை வைத்துப் பார்க்கலாம்.

இன்னொன்றும் கேளுங்கள், இது யாருக்கும் தோன்றாது: எஞ்சின் பிரிப்பு வேலைக்குத் தனிக் கணக்கில் பணம் சேர்கிறதா? உதாரணத்துக்கு அந்த வேலைக்கு 20 லட்சம் ஆகும் என்றால், 2,000 மணிக்குப் பகிர்ந்து, பறக்கிற ஒவ்வொரு மணிக்கும் 1,000 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். பாதி ஓடிய எஞ்சின் என்றால் அதற்கான பாதித் தொகை பங்கு வாங்குகிற அன்றைக்கே வங்கியில் இருக்க வேண்டும். எங்கள் மணிக் கட்டணம் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருந்ததில் நான் சந்தோஷப்பட்டேன். இந்தத் தொகையை ஒதுக்காததால்தான் குறைவாக இருந்தது.

நான் கேள்வி கேட்டு எழுதியதும் குழுவிலிருந்து நீக்கினார்கள். இரண்டு மாதம் கழித்து யாரோ ஒருவர் இறக்கும்போது மூக்குச் சக்கரம் மடங்கி, புரொப்பல்லர் தரையில் அடித்தது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஓடும் எஞ்சினில் புரொப்பல்லர் தரையில் பட்டால் எஞ்சினைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். ஓட்டியவர் பெயர் காப்பீட்டில் இல்லாததால் அந்தப் பணமும் வரவில்லை. 27 பேரிடமும் ஆளுக்கு 85,000 ரூபாய் கேட்டுக் கடிதம் வந்தது. கூட்டத்தில் அறிமுகம் செய்யாத அத்தனை பேரையும் பணம் கேட்கும்போது "நம் உறுப்பினர்கள்" என்று எழுதியிருந்தார்.

நான் கட்டவில்லை. ஒன்பது பேர் கட்டினார்கள், அதுவும் போனது. விலக வேண்டுமென்றால் நீங்களே இன்னொரு ஆளைப் பிடித்து உங்கள் இடத்தை விற்றுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. எனக்குப் பழக்கமான இன்னொருவர் தலையில் இதைக் கட்ட என்னால் முடியாது.

இப்போது ஏழு பேர் சேர்ந்து மாவட்டக் குற்றப்பிரிவில் புகார் கொடுத்திருக்கிறோம். மீட்டர் படங்கள், பதிவேட்டின் பக்கங்கள், எரிபொருள் விவரம் எல்லாவற்றையும் டிஜிசிஏவுக்கும் எழுதி அனுப்பியாகிவிட்டது. விமானம் எஞ்சின் இல்லாமல் கொட்டகையில் நிற்கிறது. அதே ஆள் இந்தப் பக்கமே வேறு பெயரில் மறுபடி கூட்டம் போடுவதாக நேற்றுக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இன்றைக்கே எழுதுகிறேன். ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீது, வங்கிக் கணக்கு விவரம், போனில் இருக்கும் பழைய படங்கள் எதையும் அழித்துவிடாதீர்கள். தை முதல் சித்திரை வரை அந்த விமானத்தில் ஏறிய யாரிடமாவது மீட்டர் தெரிகிற ஒரு படம் இருந்தாலும் வழக்குக்கு அது உதவும்.