ஒரு கார்டுக்குள் ஹரிகாம்போஜி: 9, 11, 13 உடன் மூன்று ஆண்டுகள்

கிட்டாரில் ஜி7, சி7 என்று கார்டுகளை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) வாசித்துக்கொண்டிருந்த நான், அவற்றின் மேல் இன்னும் சுரங்களை அடுக்கும் 9, 11, 13 பக்கம் திரும்பி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டு முழுவதும் விரல் வடிவங்களை மனப்பாடம் செய்தேன். பலன் சொற்பம். சுரங்களே ஏழுதானே, 13 எங்கிருந்து வந்தது என்பது பிடிபடவே இல்லை.

ஒரு நாள் சி13-இன் சுரங்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன். சி-யை ஷட்ஜமமாக வைத்தால் ச, க, ப, நி. அதற்கு மேல், அடுத்த ஸ்தாயியில் ரி, ம, த. அதாவது 9 ரிஷபம், 11 மத்யமம், 13 தைவதம். நிஷாதம் கைசிகி. வரிசையாக அடுக்கினால் அப்படியே ஹரிகாம்போஜி! 28ஆவது மேளகர்த்தா (தாய் ராகம்) முழுவதும் ஒரே கார்டில் இருக்கிறது. அன்றே என் குழப்பம் தீர்ந்தது.

ஆனால் ஏழு சுரங்களுக்கு இருப்பவை ஆறு தந்திகள், நான்கு விரல்கள். முதலில் பஞ்சமத்தை விடலாம். பாஸ் கிட்டார் உடன் இருந்தால் ஷட்ஜமத்தையும் விடலாம். க, நி இரண்டும் இருக்க வேண்டும், டாமினன்ட்டின், அதாவது அடுத்த கார்டை நோக்கி இழுக்கும் இவ்வகைக் கார்டின், குணமே அவற்றில்தான். 11 மட்டும் விலக்கு. அந்தர காந்தாரமும் சுத்த மத்யமமும் சேர்ந்தால் உரசும் என்பதால் க-வை எடுத்துவிடுவார்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டார் கழுத்தில் உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்) முதல் ஐந்து தந்திகளையும் ஆள்காட்டி விரலால் அழுத்தினால் சி11 கிடைத்துவிடும்.

சி9 அத்தனை எளிதன்று. ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டில் நடுவிரல், நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், மீதி மூன்று தந்திகளுக்கும் மூன்றாம் ஃப்ரெட்டில் மோதிர விரலைப் படுக்கவைக்க வேண்டும். முதல் தந்தி தெளிவாக ஒலிக்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின.

நான் தினமும் வாசிப்பது ஏ-யை ஆதாரமாகக் கொண்ட ப்ளூஸ் இசையில் ஏ13-லிருந்து டி9-க்குப் போகும் இடம். நான்காம் தந்தியில் ஐந்தாம் ஃப்ரெட் நான்காகிறது, மூன்றாம் தந்தியில் ஆறு ஐந்தாகிறது. இரண்டு விரல்கள் ஒவ்வொரு ஃப்ரெட் இறங்க, க நி-யாகவும் நி க-வாகவும் மாறிவிடுகின்றன. வெறும் ஏ7, டி7 வாசித்த காலத்தில் இந்த வழுக்கல் என் காதில் விழுந்ததே இல்லை.

குறையும் உண்டு. டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) கூட்டினால் இந்தக் கார்டுகள் கலங்கிவிடும். சுத்தமான ஒலியில் வாசியுங்கள். சி9 கேட்கும் இடத்தில் நிஷாதம் இல்லாத சி ஆட்9-ஐ வைத்து நெடுநாள் ஏமாந்திருக்கிறேன். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் அது எஃப் கார்டை நோக்கி இழுக்காது.

இந்த மாதம், ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் பெயரால் ஹென்ட்ரிக்ஸ் கார்டு என்று கிட்டார் வாசிப்பவர்கள் சொல்லும் ஈ7 ஷார்ப் 9-இல் (9-ஐ அரைச்சுரம் உயர்த்தியது) இருக்கிறேன். அந்தர காந்தாரத்துக்கு மேலே சாதாரண காந்தாரமும் சேர்ந்து ஒலிக்கிறது.