700டி, ஒரு ஐம்பது, ஒரு வெள்ளைக் குடை: மூன்று வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என் கையில் இருப்பது இவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனன் 700டி, அதோடு வந்த 18-55 கிட் லென்ஸ், 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சம் கூடும்), ஒரு கோடாக்ஸ் டிடி600 பிளாஷ், அதை இயக்கும் ட்ரிகர், ஏழடி ஸ்டாண்ட், பிளாஷ் வெளிச்சத்தைப் பரப்ப ஒரு வெள்ளைக் குடை, இரண்டு தெர்மோகோல் அட்டை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்பின் முதலாண்டில் ஆரம்பித்து இறுதியாண்டு வரை ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மொத்தச் செலவு நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். அதே பணத்தை முதல் நாளே புது பாடியில், அதாவது கேமரா உடலில், போட்டிருந்தால் கிட் லென்ஸோடு நின்றிருப்பேன். ஆள் படம்தான் எடுக்கப்போகிறோம் என்றால் லென்ஸில் ஒரு தடவை செலவு செய்யுங்கள், அப்புறம் வெளிச்சத்தில் செலவு செய்யுங்கள், பாடியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இந்த வரிசையில் போனதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

700டி 2013-இல் வந்த கேமரா. 18 மெகாபிக்சல். இன்றைக்கு அந்த எண்ணைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு வகுப்புக் கண்காட்சியில் மாட்டியபோது யாரும் மெகாபிக்சலைக் கேட்கவில்லை. இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஃபோகஸ் புள்ளிகள். மொத்தம் ஒன்பதுதான், ஆனால் ஒன்பதும் கிராஸ் டைப், அதாவது கிடைக்கோடு, நெடுக்கோடு இரண்டையும் வைத்து ஃபோகஸைப் பிடிப்பவை. இதைவிடப் புதிய 1500டியில் நடுப்புள்ளி மட்டும்தான் அப்படி. கேமராவை நெடுக்காகப் பிடித்தால் ஓரப் புள்ளி நேராக ஆளின் கண்மேல் போய் உட்காரும். நடுப்புள்ளியால் கண்ணைப் பிடித்துவிட்டு ஃபிரேமை மாற்றும் வழக்கம் எஃப் 1.8-இல் வேலைக்கு ஆகாது. அந்தச் சின்ன அசைவிலேயே ஃபோகஸ் காதுக்குப் போய்விடும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கப் பயப்படுபவர்களுக்கு ஒரு காட்சி. திருவல்லிக்கேணி எல்லிஸ் ரோட்டில் கேமராவைப் பார்க்கப் போனபோது கடைக்காரர் லென்ஸைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தம்பி, போன் டார்ச்ச போட்டு பின்னாடிலேர்ந்து பாரு" என்றார். பார்த்தேன். நாலைந்து தூசு, வேறொன்றுமில்லை. "தூசு இருக்கே பாய்?" என்றேன். அவர் அலமாரியிலிருந்து இன்னொரு லென்ஸை எடுத்து அதே டார்ச்சில் காட்டினார். கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் மாதிரிக் கிளைவிட்டிருந்தது. "இதான் ஃபங்கஸ். தூசு படத்துல தெரியாது, இது சும்மா விடாது." அதற்குப் பிறகு யார் லென்ஸ் வாங்கினாலும் டார்ச்சோடு நானும் கூடப் போகிறேன். பாடிக்கு இரண்டு சோதனை போதும். எஃப் 22 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரில் கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்க்கவும். ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று லேப்டாப்பில் யூஎஸ்பி போட்டு, அதற்கான மென்பொருளில் பார்க்கச் சொல்லிக் கேட்கவும். இந்த மாடலின் ஷட்டருக்குச் சொல்லப்பட்ட ஆயுள் ஒரு லட்சம் கிளிக். முப்பது நாற்பதாயிரம் ஓடியது என்றால் தாராளமாக வாங்கலாம்.

சரி, லென்ஸுக்கு வருவோம். 50 எம்எம் எஸ்டிஎம் 2015-இல் வந்தது. எடை 160 கிராம்தான். கிட் லென்ஸை 55 எம்எம்முக்கு இழுத்தால் அதிகபட்சம் எஃப் 5.6. இது எஃப் 1.8 வரை திறக்கும், அதாவது ஒன்பது மடங்குக்கு மேல் கூடுதல் வெளிச்சம். மாலை ஆறு மணிக்குப் பால்கனியில் ஐஎஸ்ஓ (சென்சாரின் வெளிச்ச உணர்திறன்) 3200 கேட்ட இடத்தில் 400 போதும். அந்த வித்தியாசம் பின்புல பிளரைவிட முகத்தில்தான் முதலில் தெரியும். தோலின் நயம் நாய்ஸில், அதாவது படத்தில் வரும் புள்ளிப் புள்ளியான கரகரப்பில், கரையாமல் அப்படியே இருக்கும்.

ஆனால் இதை வாங்கிய எல்லோரும் செய்வது போல எப்போதும் எஃப் 1.8-இலேயே வைத்துச் சுட வேண்டியதில்லை. தலையும் தோளும் வரும்படி ஏறக்குறைய ஒன்றரை மீட்டரில் நின்றால், எஃப் 1.8-இல் தெளிவாக விழும் ஆழம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான். ஆள் லேசாகத் திரும்பி நின்றால் ஒரு கண் தெளிவாகவும் இன்னொரு கண் கரைந்தும் வரும். என் படங்களில் முக்கால்வாசி எஃப் 2.8-இல் எடுத்தவை. அங்கே லென்ஸும் நன்றாகக் கூர்மையாகிவிடும், வெயிலுக்கு எதிரே நிற்பவரின் தலைமுடி ஓரத்தில் வரும் ஊதாக் கோடும் பெரும்பாலும் அடங்கிவிடும். முழுதாகத் திறந்து எதிர்வெளிச்சத்தில் எடுத்தால் படம் முழுக்க ஒரு வெளிறல் பரவும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்கு வெள்ளி நகை போட்ட பரதநாட்டிய மாணவியை எடுக்கும்போது பிடிக்கவில்லை.

நீண்ட நாள் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது இந்த லென்ஸின் உள்குழாய் முன்னால் நீளும். மோட்டார் ஃபோகஸ் என்பதால் கேமராவை அணைத்துவிட்டால் வளையத்தைத் திருப்பி உள்ளே தள்ள முடியாது. அப்படியே பையில் போட்டு அது எங்காவது இடித்தால் அடி நேராக மோட்டாருக்கு. தூரத்தில் எதையாவது ஃபோகஸ் செய்துவிட்டு அணையுங்கள், இல்லையென்றால் லென்ஸின் முன்னால் மாட்டும் மூடுகுழலான இஎஸ்-68 ஹுட் ஒன்று மாட்டி வையுங்கள். வேறு கம்பெனி ஹுட்டே போதும், சில நூறு ரூபாய். நிக்கான் 3000 வரிசை, 5000 வரிசை வைத்திருப்பவர்கள் விலை குறைவு என்று 50 எம்எம் எஃப் 1.8 டி வகையை வாங்காதீர்கள். அந்த பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஜி வகைதான் சரி.

அடுத்த ஆசை 85 எம்எம்மாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது, இன்னும் இருக்கிறது. ஆனால் நம் கேமராக்களில் சென்சார் சிறியது என்பதால் ஐம்பதே ஏறத்தாழ 80 எம்எம் மாதிரிதான் காட்டும். ஒருவரைத் தலை முதல் கால் வரை ஃபிரேமில் அடக்க ஐம்பதுக்குப் பதினைந்தடி வேண்டும். 85-க்கு இருபத்தைந்தடி. திருவல்லிக்கேணி மேன்ஷன் அறையில் கட்டிலைத் தூக்கி நிறுத்தினாலும் பத்தடி கிடைக்காது. பூங்கா, கடற்கரை என்று வெளியே எடுக்கும் வேலை வந்தால் ஒரு நாள் வாடகைக்கு 85 எடுத்துக்கொள்கிறேன். அந்த வாடகையைப் படம் எடுக்கச் சொன்னவரிடமே வாங்கிவிடலாம்.

லென்ஸுக்கு அடுத்து வந்தது விலை குறைந்த பொருள், தெர்மோகோல் அட்டை. ஜன்னல் ஓரம் ஆளை நிறுத்தி, இருட்டுப் பக்கத்தில் இதைக் கன்னத்துக்கு இரண்டடியில் பிடித்தால் நிழல் மெதுவாகத் திறக்கும். இரண்டு அட்டையில் ஒன்றின் ஒரு முகத்தில் கறுப்பு சார்ட் ஒட்டியிருக்கிறேன். அந்தப் பக்கத்தைத் திருப்பினால் நிழல் இன்னும் ஆழமாகும். வட்டமாக மடியும் ஐந்து நிற ரிஃப்ளெக்டரும் நண்பனிடம் இருக்கிறது. அதன் தங்க நிறப் பக்கம் மாநிறத் தோலை மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆக்கிவிடும், வெள்ளிப் பக்கம் கண்ணைக் கூச வைக்கும். கடைசியில் அவனும் வெள்ளையைத்தான் பயன்படுத்துகிறான்.

பிளாஷ் வந்த பிறகுதான் படங்கள் மாறின. டிடி600 முழுக்க மேனுவல். பவரை முழு அளவிலிருந்து 128-இல் ஒரு பங்கு வரை நாமே குறைக்க வேண்டும். தானாக அளந்து கொடுக்கும் டிடிஎல் கிடையாது. மாணவனுக்கு அது நல்லதே, ஒரே வாரத்தில் வெளிச்சம் எப்படிக் குறைகிறது, கூடுகிறது என்று கை பழகிவிடும். ட்ரிகரின் சிக்னலை வாங்கும் ரிசீவர் பிளாஷுக்கு உள்ளேயே இருப்பதால் கேமராவின் மேல் மாட்ட ட்ரிகர் ஒன்று போதும். குடையை முகத்துக்கு மூன்றடியில், கண்ணைவிடச் சற்று உயரத்தில், ஒரு பக்கமாகச் சாய்த்து வைப்பேன். எஃப் 4, ஷட்டர் 1/160, ஐஎஸ்ஓ 200, பவர் 1/16 என்று ஆரம்பிப்பேன். முகம் இருட்டானால் பவரைக் கூட்டுவேன், பின்னணி இருட்டானால் ஷட்டரை மெதுவாக்குவேன். ஷட்டர் வேகம் 1/200-ஐத் தாண்டினால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழும். ஹைஸ்பீடு சிங்க் போட்டால் தாண்டலாம், ஆனால் பிளாஷின் பலம் பாதிக்கு மேல் போய்விடும்.

நம் தோல் நிறத்துக்குக் குடை ஏன் பொருந்துகிறது என்று பல நாள் கவனித்திருக்கிறேன். கறுத்த முகத்தில் வடிவத்தைச் சொல்வது நிழலைவிட மினுமினுப்புதான். பிளாஷை நேராக அடித்தால் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் எண்ணெய் வடிவது போல இரண்டு வெள்ளைப் பொட்டு. குடையைக் கிட்டே கொண்டுவந்தால் அதே மினுமினுப்பு அகன்று, கன்ன எலும்பின் மேல் மெல்லப் படரும். எக்ஸ்போஷரை ஏற்றி முகத்தை வெளுக்க வைக்க வேண்டிய தேவையே வராது. கல்யாண ஆல்பங்களில் மணப்பெண்ணை மூன்று நிறம் கூட்டிக் காட்டுகிறவர்கள் இதை ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

சிறிய அறையில் இன்னொரு சிக்கல். எங்கள் அறைச் சுவருக்கு வெளிர் பச்சை டிஸ்டெம்பர். குடையில் சிதறும் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து, முகத்தின் நிழல் பக்கத்தை மட்டும் பச்சையாக்கியது. கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை மாற்றினால் அந்தப் பக்கம் சரியாகும், வெளிச்சப் பக்கம் ரோஸாகிவிடும். நிழல் பக்கச் சுவரில் வெள்ளை வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டதும் தீர்ந்தது.

பிளாஷ் வாங்கும் முன் உங்கள் கேமராவின் மேல் பிளாஷ் மாட்டும் இடமான ஹாட் ஷூவைக் குனிந்து பாருங்கள். நடுவில் பெரிய உலோகப் புள்ளி ஒன்று இருக்க வேண்டும். 700டியில் இருக்கிறது. 2019-இல் வந்த 200டி இரண்டாம் மாடலில் கேனன் அதை எடுத்துவிட்டது. புதிய, விலை அதிகமான கேமரா, ஆனால் டிடி600-ஐ நேராக மேலே மாட்டினால் எரியாது. அந்த கேமரா வைத்திருப்பவர்கள் கேனனுக்கென்றே செய்த பிளாஷ் அல்லது ட்ரிகரை, தங்கள் மாடலைச் சொல்லி, கடையிலேயே மாட்டி எரியவிட்டுப் பார்த்து வாங்க வேண்டும். விலைப் பட்டியலில் இதை யாரும் எழுதுவதில்லை.

பிளாஷுக்கு நான்கு டபுள் ஏ செல் வேண்டும். கடிகாரத்துக்குப் போடும் செல்லைப் போட்டால் சில படங்களிலேயே ஒவ்வொரு முறையும் காத்திருக்க வைக்கும். சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் எட்டு வாங்கினால் நாலு உள்ளே, நாலு பாக்கெட்டில். ஸ்டாண்டில் குடையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் பிராக்கெட் ஒன்று பெயரில்லாத வகையில் வாங்கினேன், திருகு மரை தேய்ந்துபோனது. உலோகத்தில் வாங்குங்கள். மொட்டைமாடியில் குடையை விரித்தால் ஸ்டாண்டின் காலில் தண்ணீர் கேனைக் கட்டாமல் நகரவே கூடாது. கடற்காற்றுக்கு உங்கள் பட்ஜெட் தெரியாது.

பராமரிப்புக்கு, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும். நீல மணிகள் ரோஸ் நிறமானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தி மீண்டும் போடலாம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். லெதர் பையில் பூட்டி வைப்பதைவிட வாரம் ஒரு முறை எடுத்துச் சுடுவது லென்ஸுக்கு நல்லது.

வகுப்புத் தோழர்களின் ரெஸ்யூம் படம், அரங்கேற்ற அழைப்பிதழ்ப் படம் என்று வந்த சிறு வேலைகளில் பிளாஷ் செட்டின் விலை திரும்பிவிட்டது. இப்போது பாடியை மாற்றும் எண்ணம் இருக்கிறது. கண்ணைத் தானாகப் பிடிக்கும் மிரர்லெஸ் கேமராவை நண்பனிடம் வாங்கிப் பார்த்தேன். ஓடியாடும் குழந்தைகளை எடுப்பதற்கு அது வேறு உலகம், அதை மறுக்க முடியாது. அடாப்டர் போட்டால் இந்த ஐம்பதும் அதில் ஆட்டோ ஃபோகஸோடு வேலை செய்யும், குடையும் ஸ்டாண்டும் எப்படியும் கூடவே வரும். பழைய பாடியை விற்கப் போகும்போது கிட் லென்ஸையும் சேர்த்துக் கொடுங்கள், தனியாக அதற்கு யாரும் காசு தருவதில்லை.