பெட்டியைத் திறக்காமல் 4473 படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்: இடதுகை ரைஃபிள் வாங்கப் போய் நான் ஏமாந்தது

அமெரிக்காவில் இருந்துகொண்டு, இடதுகைப் பழக்கத்தோடு, வேட்டைக்கோ தொலைதூர இலக்குக்கோ ஒரு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் (போல்ட் என்ற பிடியுள்ள உருளையைக் கையால் இழுத்துத் தள்ளி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் துப்பாக்கி) தேடிக்கொண்டிருக்கும் எல்லாருக்காகவும் இதை எழுதுகிறேன். நான் இருப்பது டெக்சாஸில், ஆஸ்டினுக்குப் பக்கத்தில். 2024 அக்டோபரில் ஒரு கடைக்காரர் புதுசு என்று சொல்லி எனக்கு ஒரு ரைஃபிளை விற்றார். அது புதுசு இல்லை. வேறொரு காலிபரில் (தோட்டா அளவில்) தொழிற்சாலையை விட்டு வெளியேறி, யாரோ பீப்பாயை மாற்றி, தோளில் வைத்துப் பிடிக்கும் கட்டையையும் மாற்றிய பழைய துப்பாக்கி. அதைக் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு ஒன்பது தோட்டா சுட்டிருக்கிறேன். பத்தாவதையும் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இடதுகை ரைஃபிளே வேண்டும் என்று ஏன் நின்றேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பிறவியிலேயே நொட்டாங்கைக்காரன். சாப்பாட்டை மட்டும் அம்மா சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டார். மற்றதெல்லாம் இடதுதான், கண் உட்பட. உங்களுக்கு எந்தக் கண் என்று தெரியாவிட்டால் இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியே தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒன்றைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடும்போது அந்தப் பொருள் மறைகிறதோ, அதுதான் உங்கள் ஆளும் கண். வலது கையால் எழுதுபவர்களிலும் இடது கண் ஆளுகிறவர்கள் உண்டு. ரைஃபிள் வாங்கும்போது எழுதுகிற கையைவிட இந்தக் கண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

நான்கு சீசன் நண்பரின் வலதுகை ரைஃபிளை வைத்துத்தான் வேட்டைக்குப் போனேன். வலதுகை ரைஃபிளில் போல்ட்டின் பிடியும், சுட்ட தோட்டாவின் காலிக் கூடு வெளியே விழும் திறப்பும் வலப்பக்கம் இருக்கும். இடது தோளில் வைத்துச் சுடுபவரின் முகமும் அதே வலப்பக்கம்தான் இருக்கும். அதாவது கூடு எப்போதாவது உள்ளேயே கிழிந்தால் பீறிடும் சூடான வாயு நம் முகத்துக்குப் பக்கத்தில் வரும். இது ஒன்று. அடுத்த தோட்டா ஏற்ற வேண்டுமானால், விசையில் இருக்கும் இடது கையை எடுத்து ஸ்கோப்புக்கு (குறிபார்க்கும் தொலைநோக்கிக்கு) மேலே தாண்டிப் போய் போல்ட்டை இழுக்க வேண்டும் என்பது இன்னொன்று. மேசையிலோ தரையில் படுத்தோ பைபாட் (முன்பக்கத்தைத் தாங்கும் இரண்டு கால்) போட்டுச் சுடும்போது இது பெரிய தொல்லை இல்லை, வலது கையாலேயே போல்ட்டை இயக்கிக்கொள்ளலாம். அப்படியே அருமையாகச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். காட்டில் அந்த வசதி கிடையாது.

லானோ பக்கம் ஒரு பண்ணையில், ஒரு கிடா மானுக்கு என் முதல் குண்டு ஒரு சாண் பின்னால் விழுந்துவிட்டது. கையைத் தூக்கி ஸ்கோப்பைத் தாண்டி போல்ட்டை இழுத்து, மறுபடி கன்னத்தை வைத்துப் பார்த்தபோது மான் புதருக்குள் போயிருந்தது. இருட்டும் வரை ரத்தத்தடம் பார்த்துத் தேடினோம். மறுநாள் காலையில்தான் கிடைத்தது. ஒரு உயிர் இரவெல்லாம் வலியில் கிடந்து செத்திருக்கிறது, இறைச்சியும் வீணாகிவிட்டது. குண்டு தவறியது என் தப்புதான். ஆனால் இரண்டாவது குண்டு உடனே போயிருந்தால் அது அவ்வளவு நேரம் துடித்திருக்காது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எனக்குப் பொருந்துகிற துப்பாக்கி இல்லாமல் வேட்டைக்குப் போவதில்லை என்று.

என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. 6.5 கிரீட்மூர் என்ற தோட்டா வகை, 24 அங்குலப் பீப்பாய், அதன் உள்பள்ளங்கள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் முறுக்கு, இடப்பக்க போல்ட், இடதுகைக் கட்டை. 140 கிரெயின் எடையுள்ள குண்டை அந்த முறுக்கு நன்றாக நிலைப்படுத்தும். மானுக்கும் போதும், 600, 800 கஜத்தில் இரும்புத் தகடு அடிக்கவும் போதும். தோளுக்கு உதையும் குறைவு. இடதுகை போல்ட் ரைஃபிள் ஒன்றும் புதிய பொருள் இல்லை. 1958-இல் வந்த சாவேஜ் 110 அடுத்த வருடமே இடதுகை வடிவிலும் வந்துவிட்டது. இன்றைக்கு டிக்கா டி3எக்ஸ், பிரவுனிங் எக்ஸ்-போல்ட், ரூகர் அமெரிக்கன், பெர்காரா பி-14 என்று பல வரிசைகளில் உண்டு. ஆனால் எல்லாக் காலிபரிலும் எல்லா நீளத்திலும் செய்ய மாட்டார்கள். செய்வதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அதனால் கடைக்குப் போனால் அலமாரியில் இருக்காது, சொல்லிவைத்து வரவழைக்க வேண்டும். நான் மாட்டிக்கொண்ட இடம் அதுதான்.

2024 மார்ச்சில் வீட்டிலிருந்து நாற்பது நிமிடத் தொலைவில் உள்ள ஒரு கடையில் கேட்டேன். கடைப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விலை 1,350 டாலர், முன்பணம் 500, ஆறிலிருந்து எட்டு வாரத்தில் வந்துவிடும் என்றார். ரொக்கமாகக் கொடுத்தால் வசதி என்றார், கொடுத்தேன். ரசீதில் கையால் எழுதினார்: போல்ட் ரைஃபிள், 6.5 சிஎம் (கிரீட்மூர்), எல்ஹெச் (லெஃப்ட் ஹேண்ட், இடதுகை). அவ்வளவுதான். மாடல் எண் இல்லை, பீப்பாய் நீளம் இல்லை, புதுசு என்ற சொல்லும் இல்லை.

தயவுசெய்து இதைக் கவனியுங்கள். இடதுகை வடிவத்துக்குத் தயாரிப்பாளர் தனி மாடல் எண் கொடுப்பார். காலிபர், பீப்பாய் நீளம், கட்டை, எந்தக் கை எல்லாம் அந்த ஒரு எண்ணில் அடங்கிவிடும். அது ரசீதில் இருந்திருந்தால் கடைக்காரர் என்னிடம் வாயே திறந்திருக்க முடியாது. எல்ஹெச் என்று மட்டும் எழுதியதை நம்பாதீர்கள். எல் என்ற எழுத்து துப்பாக்கிச் சாமான்களில் சில இடங்களில் 'லாங் ஆக்‌ஷனை' (நீளமான தோட்டாக்களுக்கான இயக்கப் பகுதியை)க் குறிக்கும், இடது கையை அல்ல. அது தெரியாமல் கட்டை வாங்கிவிட்டுத் திரும்ப அனுப்ப அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எட்டு வாரம் ஏழு மாதமானது. கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம். அக்டோபர் 24, வியாழக்கிழமை மாலை போன் வந்தது, வந்துவிட்டது, வாருங்கள் என்று. மான் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்குகிறது. நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். கடை மூடும் நேரம், உள்ளே கூட்டம். முதலில் ஃபார்ம் 4473-ஐ, அதாவது கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டரசுப் படிவத்தை, நிரப்பச் சொன்னார். நிரப்பினேன். பேக்கிரவுண்ட் செக் பத்து நிமிடத்தில் முடிந்தது. மீதிப் பணத்தை வரியோடு சேர்த்துக் கார்டில் எடுத்துக்கொண்டார். அதற்கு அப்புறம்தான் பெட்டியைத் திறந்தார். போல்ட் இடப்பக்கம் இருந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. ஏழு மாதம் காத்திருந்த மனசு வேறு எதையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து கையில் பிடித்தபோதே ஏதோ சரியில்லை. பிடியின் வலப்பக்கம் ஒரு புடைப்பு. வலதுகைக்காரரின் உள்ளங்கை நிறைவதற்காக வைக்கும் புடைப்பு அது, என் விரல் நுனிகளைத் தள்ளியது. கட்டையில் போல்ட் பிடி வந்து உட்காரும் வெட்டு இடப்பக்கம் இருந்தது, சரி. ஆனால் நேர் எதிரே வலப்பக்கமும் அதே அளவில் ஒரு தடம். விரலால் தடவினால் மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, அந்த இடம் மட்டும் வழவழ. டார்ச் அடித்துப் பார்த்தேன். பழைய வெட்டை எபாக்ஸி வைத்து அடைத்து மேலே கறுப்பு பெயின்ட் பூசியிருக்கிறார்கள். பீப்பாயை அளந்தேன், 22 அங்குலம்தான். போன் செய்தபோது, இது இரு கைக்கும் பொருந்தும் கட்டை, இரண்டு அங்குலம் குறைந்தால் வேட்டைக்கு நல்லதுதான் என்றார். சீசன் நெருங்கிவிட்டதே என்று நானும் மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அது நான் செய்திருக்கக் கூடாத காரியம்.

சனிக்கிழமை சுடும் திடலுக்குப் போனேன். கடையில் வாங்கிய புதுத் தோட்டாக்கள்தான். ஒன்பது சுட்டேன். பக்கத்து மேசையில் இருந்த பெரியவர் என் காலிக் கூடுகளில் ஒன்றைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தார். கூட்டின் அடிப்பாகத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் முடி அளவுக்கு ஒரு பளபளப்பான வளையம். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து, கூட்டுக்குள் விட்டு மெதுவாக இழுக்கச் சொன்னார். அந்த வளையம் இருக்கும் இடத்தில் கம்பி நுனி ஒரு பள்ளத்தில் இடறியது. பித்தளை உள்ளே இழுபட்டு மெலிந்துவிட்டது, இதற்கு மேல் ஒரு தோட்டாவும் சுடாதீர்கள் என்றார். மற்றக் கூடுகளிலும் அதே வளையம்.

செவ்வாய்க்கிழமை துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். போல்ட்டின் முகத்துக்கும் பீப்பாயின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் அதன் தோள் (கூடு குறுகத் தொடங்கும் இடம்) போய் முட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது கூடினால் ஒவ்வொரு வெடிப்பிலும் கூடு நீண்டு, ஒரு கட்டத்தில் இரண்டாக அறுந்துபோகும். அதை அளக்க கேஜ் எனப்படும் மூன்று எஃகுத் துண்டுகள் உண்டு: 'கோ', 'நோ-கோ', 'ஃபீல்ட்'. முதலாவதை வைத்தால் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதில் மூடக் கூடாது. மூன்றாவதிலும் மூடினால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது. அவர் போல்ட்டிலிருந்து எஜெக்டரை (காலிக் கூட்டை வெளியே தள்ளும் பாகத்தை) கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக வைத்து விரலால் மெதுவாகத் தள்ளினார். மூன்றிலும் மூடியது. மூன்றாவது மூடியபோது அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பீப்பாயை ஒரு நட்டு போட்டு இறுக்கும் வகை அது. அந்த வகையில் அனுபவமுள்ளவர்கள் வீட்டிலேயே பீப்பாய் மாற்றுவார்கள். ஆனால் மாற்றினால் கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸைச் சரிசெய்துதான் நட்டை இறுக்க வேண்டும். இதில் அதைச் செய்யவில்லை. நட்டின் விளிம்பில் ஸ்பேனர் வழுக்கிய கீறல்களைக் காட்டினார். பீப்பாயில் காலிபர் மட்டும் பொறித்திருந்தது, தயாரிப்பாளர் பெயர் இல்லை. அதையும் நான் பார்க்கவில்லை.

வரிசை எண்ணைத் தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். இரண்டு நாளில் பதில்: அந்த எண்ணுள்ள துப்பாக்கி .243 வின்செஸ்டரில் இடதுகை மாடலாக நான்கு வருடம் முன்பு அனுப்பப்பட்டது. .243-க்கும் 6.5 கிரீட்மூருக்கும் தோட்டாவின் அடிவட்டம் ஒரே அளவு, அதனால் அதே போல்ட்டே போதும். யாரோ வேலையைச் சுலபமாக முடித்துவிட்டார்கள்.

கடைக்காரரிடம் எல்லாத் தாளையும் வைத்தேன். அவர் சொன்னது ஒரே விஷயம்: 4473 முடிந்து பொருள் கைமாறிவிட்டது, இனி அது பழைய துப்பாக்கி, திருப்பி எடுக்க முடியாது. பெரும்பாலான கடைகளில் இதுதான் விதி. அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன். படிவத்துக்கு முன்னால் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். போல்ட்டை வெளியே எடுத்துப் பாருங்கள், பீப்பாய்க்குள் விளக்கு அடித்துப் பாருங்கள், பொறித்த எழுத்துகளைப் படியுங்கள், பெட்டியின் சீட்டில் உள்ள வரிசை எண்ணும் துப்பாக்கியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நேரமில்லை என்று கடைக்காரர் சொன்னால் மறுநாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

கார்டில் போன பணம் திரும்ப வந்தது. பில் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்துவிட வேண்டும். தயாரிப்பாளரின் மின்னஞ்சலும் பழுதுபார்த்தவர் எழுதித் தந்த அறிக்கையும்தான் என்னைக் காப்பாற்றின. துப்பாக்கியைக் கடையிலேயே ஒப்படைத்துவிட்டேன். ரொக்கமாகக் கொடுத்த 500 டாலர்தான் இன்னும் வரவில்லை. முன்பணத்தைத் தயவுசெய்து ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. எச்-1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. 4473-இல் அதைக் கேட்பார்கள், அதில் பொய் எழுதுவது குற்றம். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

இந்த ஜனவரியில் வேறொரு கடையில் நான் கேட்ட ரைஃபிளையே வாங்கினேன். ரசீதில் மாடல் எண், 'புதியது' என்ற சொல், பீப்பாய் நீளம் எல்லாம் எழுதி வாங்கினேன். படிவத்துக்கு முன்னால் இருபது நிமிடம் விளக்கு அடித்துப் பார்த்தேன். கடைப் பெண்மணி பொறுமையாக நின்றார், அவரே ஒரு துணி விரித்துக் கொடுத்தார். ஒரு சின்ன விஷயம் மட்டும் நான் யோசிக்காதது. ஸ்கோப்பின் பாரலாக்ஸ் குமிழ் (தூரத்துக்கு ஏற்பக் குறியைச் சரிசெய்யும் குமிழ்) இடப்பக்கம் இருக்கும், இடதுகை ரைஃபிளில் கூடும் அதே பக்கம்தான் விழும். குமிழ் பெரிதாக இருந்தால் கூடு அதில் பட்டுத் திரும்ப உள்ளே விழுகிறது. ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களைக் கொஞ்சம் உயரமானதாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

அந்த 500 டாலருக்காக, டெக்சாஸின் ஏமாற்று வணிகத் தடைச் சட்டப்படி கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறேன். வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னால் இப்படி எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கு அப்புறம் ஜஸ்டிஸ் கோர்ட்டில் நாமே வழக்குப் போடலாம், 20,000 டாலர் வரை அங்கே கேட்கலாம். கடிதம் அவர்கள் கைக்குப் போய் இன்றோடு 23 நாள் ஆகிறது.