“சர்வீஸ் பண்ணி வச்சிருக்கோம்” என்ற பேச்சை நம்பி 27 மீட்டர் ஆழத்துக்குப் போனோம்

போன வருடம் மார்ச்சில் நானும் என் மனைவியின் தம்பியும் புதுச்சேரியில் ஸ்கூபா டைவிங்கின் ஆரம்ப நிலையான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்தோம். தேர்ச்சி அட்டை கைக்கு வந்ததும் எல்லோருக்கும் வருகிற ஆசை எங்களுக்கும் வந்தது. சொந்தமாக ஒரு டைவிங் செட் வாங்க வேண்டும், அப்புறம் அந்தமானில் இறங்க வேண்டும். செட் விஷயத்தில் ஒருவர் ஏமாற்றினார், இடம் விஷயத்தில் இன்னொருவர். இரண்டும் கடலுக்கடியில் ஒரே நிமிடத்தில் ஒன்றுசேர்ந்தன. இந்த சீசனில் புதிதாக இறங்கப் போகிறவர்கள் தயவுசெய்து முழுதும் படியுங்கள்.

சென்னையில் பழைய டைவிங் சாமான் விற்கும் கடை அது. இரண்டு ரெகுலேட்டர் செட் (சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் கருவி), இரண்டு பிசிடி (காற்று ஊதி மிதக்க உதவும் ஜாக்கெட்), எல்லாம் சேர்த்து 1,10,000 ரூபாய். “சர்வீஸ் பண்ணி வச்சிருக்கோம் சார், ஒரு வருஷத்துக்குத் தொட வேண்டாம்” என்றார் கடைக்காரர். சர்வீஸ் சீட்டு கேட்டோம். மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார், வந்ததும் வாட்ஸப்பில் அனுப்புகிறேன் என்றார். வரவே இல்லை. ஒரு சிலிண்டரில் மாட்டி பட்டனை அழுத்திக் காட்டினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அதுதான் சோதனை என்று நாங்களும் நம்பிவிட்டோம். பில், வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதியது.

சிலிண்டரையும் எங்கள் தலையில் கட்டப் பார்த்தார். அதை மட்டும் மறுத்துவிட்டோம். நல்லவேளை. எங்கே டைவ் போனாலும் சிலிண்டரும் எடைக்கட்டும் அவர்களே தருவார்கள், கட்டணத்திலேயே சேர்ந்துவிடும். சொந்தச் சிலிண்டர் என்றால் குறித்த காலத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் என்ற அழுத்தச் சோதனை, அதன் முத்திரை, நிரப்பிக் கொடுக்கும் இடம் என்று வேலை நீண்டுகொண்டே போகும். காற்று நிரப்பியபடி விமானத்தில் ஏற்றவும் விட மாட்டார்கள்.

பிப்ரவரியில் அந்தமானில் உள்ள ஹேவ்லாக் போனோம். இப்போது பெயர் சுவராஜ் தீவு. முதல் நாள் நீமோ ரீஃப், கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். 6 மீட்டர் ஆழம்தான். ரெகுலேட்டர் அருமையாக வேலை செய்தது. இரண்டாம் நாள் படகு. நிறுவனம் கொடுத்த படிவத்தில் எங்கள் அட்டை நிலை, இதுவரை இறங்கிய டைவ் 6 என்று தெளிவாக எழுதிக் கொடுத்தோம். யாரும் அதைப் படிக்கவில்லை. படகில் இருந்த மற்ற நாலு பேரும் எங்களுக்கு அடுத்த நிலையான அட்வான்ஸ்டு முடித்தவர்கள். அவர்கள் கேட்ட இடம் டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற கடலடிப் பாறை. படகும் அங்கேதான் போயிற்று.

அந்த இடம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாறையின் உச்சியே 18 மீட்டரை ஒட்டித்தான் இருக்கிறது, அடி 30 மீட்டரைத் தாண்டுகிறது. ஓப்பன் வாட்டர் அட்டைக்கு எல்லையே 18 மீட்டர். “மாமா, நம்ம லிமிட் பதினெட்டுதானே?” என்று மச்சான் என்னிடம் கேட்டான். கைடு குறுக்கிட்டு, “மேலேயே நிப்போம், கவலைப்படாதீங்க” என்றார். கீழே போனதும் நீரோட்டம் இருந்தது. கைடு அந்த நாலு பேரோடு பாறையின் மறைவுப் பக்கமாக இறங்கினார். அவரை விட்டால் எங்களுக்கு வேறு ஆள் இல்லை, பின்னாலேயே போனோம். என் டைவ் கம்ப்யூட்டர் 27 காட்டியது.

பதினோராவது நிமிடம் மச்சான் என் கையைப் பிடித்தான். கண் இரண்டும் மாஸ்க்குக்குள் விரிந்திருந்தன. தன் பிரஷர் கேஜை என் முகத்துக்கு நேரே நீட்டினான். முள் 120 பாரில் (பார் என்பது காற்றழுத்த அளவு) நின்றது. அவன் மூச்சை இழுத்ததும் 60க்கு விழுந்தது. விட்டதும் ஏறி மறுபடி 120. இழு, விழு, ஏறு. சிலிண்டரில் காற்று இருக்கிறது, ஆனால் வாய்க்கு வரவில்லை. வால்வு பாதிதான் திறந்திருக்கிறதோ என்று பின்னால் கைவிட்டுப் பார்த்தேன். முழுதாகத் திறந்திருந்தது. என் ஆக்டோபஸை, அதாவது என் ரெகுலேட்டரின் உபரி வாய்ப்பகுதியை, அவன் வாயில் வைத்தேன். கைடைத் திரும்பிப் பார்க்கவைக்கச் சிலிண்டரைத் தட்டினேன், அவர் தூரத்தில் இருந்தார். நாங்கள் இருவரும் என் சிலிண்டர் ஒன்றிலேயே மூச்சுவிட்டு மெதுவாக ஏறினோம், பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றோம். மேலே வந்தபோது என் கேஜில் 40 பார்.

ஏன் முதல் நாள் தெரியவில்லை? 27 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல 3.7 மடங்கு. ஒவ்வொரு மூச்சுக்கும் அவ்வளவு மடங்கு காற்று ரெகுலேட்டர் வழியாகப் பாய்ந்து வர வேண்டும். 6 மீட்டரில் 1.6 மடங்குதான். அடைப்பு உள்ள ரெகுலேட்டர் ஆழமில்லாத இடத்தில் நல்ல பிள்ளையாக இருக்கும், ஆழத்தில்தான் கழுத்தை நெரிக்கும். கணக்கையும் பாருங்கள். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் ஆளுக்கு, வழக்கமான 11 லிட்டர் சிலிண்டரில் 50 பார் மிச்சம் வைத்தால், 6 மீட்டரில் ஏறக்குறைய 50 நிமிடம் கிடைக்கும். 27 மீட்டரில் 22 நிமிடம். புது ஆள் பதற்றத்தில் இழுக்கும் மூச்சுக்கு அதுவும் கிடைக்காது.

அன்று மாலை தீவில் இருந்த வேறொரு பயிற்றுநரிடம் ரெகுலேட்டரைக் காட்டினோம். அவர் சிலிண்டரில் மாட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் மூடியைத் தூக்கி, மொபைல் டார்ச்சை உள்ளே அடித்து, “பாருங்க” என்றார். சிலிண்டரிலிருந்து காற்று நுழையும் வாயில் பொத்தான் அளவுக்கு ஒரு உலோக வடிகட்டி இருக்கும். பளிச்சென்று இருக்க வேண்டியது பாசி படிந்த செப்புக்குடம் போலப் பச்சையாக இருந்தது. நகத்தால் சுரண்டினார், பச்சைப் பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. உப்புத் தண்ணீர் உள்ளே போய் அரித்ததன் அடையாளம் அது. பழுப்பாக இருந்தால் இரும்புச் சிலிண்டரின் துரு என்று அவரே சொன்னார். சர்வீஸ் என்றால் அந்த வடிகட்டியை மாற்றுவதுதான் முதல் வேலைகளில் ஒன்று. அதை யாரும் தொட்டே இல்லை. ஹோஸ் முனையில் இருந்த ரப்பர் உறையைத் தள்ளிப் பார்த்தால் அடியில் வெடிப்பு. உறை மாட்டியதே அதை மறைக்கத்தானோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

ஆகவே பழைய ரெகுலேட்டர் வாங்கப் போனால் கடையிலேயே இதையெல்லாம் செய்யுங்கள். மூடியைத் தூக்கி வடிகட்டியின் நிறத்தைப் பாருங்கள், ஐந்து விநாடி வேலை. உறைகளை நகர்த்தி ஹோஸைப் பாருங்கள். மூடியை இறுக்கிப் போட்டு, சிலிண்டர் இல்லாமல் வாயில் வைத்து இழுங்கள். காற்று வரவே கூடாது, வந்தால் எங்கோ ஓட்டை. பிறகு சிலிண்டரில் மாட்டி வால்வை முழுதும் திறந்து, இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு வாய்ப்பகுதியிலும் வேகமாக இழுக்க வேண்டும், முள் ஆடக் கூடாது. அப்படியே பத்து நிமிடம் விட்டுவையுங்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகச் சீறத் தொடங்கினால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, வேண்டாம். பிசிடியை ஊதி ஒரு ராத்திரி விட்டுவைக்க அனுமதி கேளுங்கள். அந்த மாடலுக்கு சர்வீஸ் கிட் இந்தியாவில் கிடைக்கிறதா, யார் செய்வார்கள் என்று கேளுங்கள். எங்கள் மாடலுக்கு எங்கு தேடியும் கிடைக்கவில்லை.

என்னைக் கேட்டால் முதல் வருடம் ரெகுலேட்டரே வேண்டாம். முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க், ஃபின், ஒரு டைவ் கம்ப்யூட்டர், அது போதும். மாஸ்க்கை வாரில்லாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தால் விழாமல் ஒட்டி நிற்க வேண்டும்.

படகு நிறுவனம் மன்னிப்புக் கேட்கவில்லை. “நீங்களே சொந்த செட் கொண்டுவந்தீங்க, நாங்க என்ன பண்றது?” என்றார்கள். செட் எங்களுடையதுதான். ஆனால் 6 டைவ் போட்டவர்களை 27 மீட்டருக்கு இட்டுச் சென்றது யார்? படகில் ஏறும் முன்பே இடத்தின் பெயர், அதிகபட்ச ஆழம், உங்களுக்கு ஒதுக்கிய கைடு யார் என்ற மூன்றையும் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் ஏறாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும். ஹேவ்லாக்கிலேயே நீமோ ரீஃப், லைட்ஹவுஸ் மாதிரி புதியவர்களுக்கு ஏற்ற இடங்கள் உண்டு. இலங்கை போகிறவர்களுக்குத் திருகோணமலையில் புறாத்தீவு, மே முதல் செப்டம்பர் வரை. மட்டக்களப்புக் கடலில் 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் கப்பலின் படங்களைப் பார்த்து மச்சானுக்கு ஒரே ஆசை. அது 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தொழில்நுட்ப டைவிங் பயிற்சி இல்லாதவர்களை அங்கே கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டு ஓடிவிடுங்கள்.

ஊர் திரும்பியதும் கடைக்குப் போனோம். “கழுவாம வச்சிருப்பீங்க” என்றார் கடைக்காரர். எங்களிடம் இருந்தது நாலு நாள், அரிப்போ பல வருடத்தது. கடைசியில் இரண்டு ரெகுலேட்டரையும் 25,000க்குத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்தால் துடைத்து இன்னொரு புது ஆளிடம் விற்பார் என்பதால் கொடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். முறையான பில் இல்லாதது எங்களுக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது, ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

அன்றைக்கு அந்தக் கடையின் கொக்கியில் இன்னும் நாலு செட் தொங்கியது. எங்களுடையதைப் போலவே கருப்பு ரெகுலேட்டர், மஞ்சள் ஆக்டோபஸ், ஹோஸ் முனைகளில் புத்தம்புது நீல உறைகள். எங்காவது அப்படி ஒன்றை உங்களிடம் நீட்டினால், முதலில் அந்த நீல உறையைத் தள்ளிப் பாருங்கள்.