கதவு ஸ்விட்ச் கோளாறுக்கு பிசிஎம் மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் ரூம் லைட் எரியவில்லை. ஹெட்லைட்டை அணைக்காமல் இறங்கினாலும் பஸ்ஸர் சத்தம் இல்லை. மற்ற மூன்று கதவுகளுக்கும் லைட் ஒழுங்காக எரிகிறது. கதவு வந்து சாத்தும் பில்லரில் (பாடியின் நிற்கும் தூணில்) டிங்கரிங், பெயின்டிங் முடிந்து வந்த ஒரு ஹேட்ச்பேக்கில் வந்த கோளாறு இது. இதற்கு ஒரு ஒர்க்‌ஷாப் போட்ட பில்லில் புது பிசிஎம் (ரூம் லைட், பஸ்ஸர் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி), புது ரூம் லைட் அசெம்ப்ளி, வயரிங் பார்த்த கூலி என்று மூன்று வரிகள். பணம் கட்டி எடுத்த பிறகும் டிரைவர் கதவுக்கு லைட் எரியவில்லை. ஸ்விட்சைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவின் ஓட்டையைச் சுற்றிப் புதுப் பெயின்ட் படிந்திருந்ததுதான் காரணம். எமரி பேப்பரால் சுரண்டியதும் எரிந்தது.

மூன்று கதவுகளுக்கு எரிகிறது என்றாலே பல்பு, ஃபியூஸ், லைட் அசெம்ப்ளி மூன்றும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். நன்றாக இருக்கும் பொருளைக் கழற்றிவிட்டுப் புதிதுக்குக் காசு வாங்குவது ஏமாற்று வேலை. அதை வேறு பெயரில் சொல்ல வேண்டியதில்லை.

பில்லரில் ரப்பர் தொப்பியோடு துருத்திக்கொண்டிருக்கும் பின் ஸ்விட்சுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வயர்தான் வரும். எர்த் கிடைப்பது அந்த ஸ்க்ரூ வழியாக, பாடியிலிருந்து. கதவு திறந்தால் பின் வெளியே வரும், வயர் எர்த்தோடு சேரும், லைட் எரியும். அதனால்தான் ஸ்க்ரூவில் துருவோ பெயின்ட்டோ இருந்தால் ஸ்விட்ச் புதிதாக இருந்தாலும் பயனில்லை. பெயின்டிங் முடிந்து வரும் வண்டியில் நான்கு கதவையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகே டெலிவரி எடுங்கள்.

சோதனை சுலபம். ரூம் லைட் பட்டனை டோர் நிலையில் வையுங்கள். ஸ்டார் ஸ்க்ரூடிரைவரால் ஸ்க்ரூவைக் கழற்றி ஸ்விட்சை மெதுவாக வெளியே இழுங்கள். வயர் உள்ளே நழுவிவிட்டால் பில்லருக்குள் தேடி எடுப்பது பெரும்பாடு, ஆகவே கனெக்டரைப் பிடுங்குவதற்கு முன்பே வயரை டேப் போட்டு பாடியோடு ஒட்டிவிடுங்கள். பிறகு மற்ற கதவுகளையெல்லாம் சாத்தி, அவற்றின் ஸ்விட்சுகள் அழுந்திய நிலையில், அந்த வயர் முனையைப் பெயின்ட் இல்லாத உலோகத்தில் தொடுங்கள். டிரைவர் கதவு திறந்தே இருக்கலாம். லைட் எரிந்தால் வயரும் பிசிஎம்மும் சரி. கோளாறு ஸ்விட்சிலோ அதன் எர்த்திலோதான். எரியாவிட்டால் மட்டுமே வயரிங் பக்கம் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்த வயருக்கு பேட்டரியிலிருந்து 12 வோல்ட் கொடுத்துப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்தால் நன்றாக இருக்கும் பிசிஎம்மும் கெடலாம்.

மல்டிமீட்டர் இருந்தால் ஸ்விட்சின் டெர்மினலுக்கும் ஸ்க்ரூ பிடிக்கும் தகட்டுக்கும் இடையே ஓம் பாருங்கள். பின் வெளியே இருக்கும்போது 1 ஓமுக்குக் கீழே, அழுத்தும்போது தொடர்பே இல்லாமல் காட்ட வேண்டும். பல்பின் கரண்ட் நேராக இந்த ஸ்விட்ச் வழியாகப் போகும் வண்டியில் 10 ஓம் காட்டினாலே லைட் மங்கும். 10 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடையே சுமார் 14 ஓம்தான்.

டூப்ளிகேட் ஸ்விட்சில் ஏமாற்றம் வேறு மாதிரி. பின் இரண்டு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் கதவு சாத்தியும் முழுசாக அழுந்தாது. மேடு பள்ளத்தில் லைட் மினுக்கும். கிழிந்த ரப்பர் தொப்பியும் இதையே செய்யும். 10 வாட் பல்பு இரவு முழுக்க, 10 மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய 8 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு மூன்று இரவில் படுத்துவிடும். அப்புறம் பேட்டரி வீக் என்று புதிதை விற்பார்கள். பழைய ஸ்விட்சைக் கையில் வைத்து நீளத்தை ஒப்பிட்டு வாங்குங்கள். ஒரிஜினலே சில நூறு ரூபாய்தான்.

பில்லரில் பின் இல்லாத வண்டிகளில் மைக்ரோ ஸ்விட்ச், கதவைச் சாத்தியதும் கொக்கியால் பிடித்துக்கொள்ளும் லாட்சுக்குள் இருக்கும். இங்கே லாட்சை முழுதாக மாற்றச் சொல்வது சில நேரம் நியாயமே, ஏனென்றால் பல கம்பெனிகள் ஸ்விட்சைத் தனியாக விற்பதில்லை. ஆனால் அதற்கு முன் கதவைத் திறந்து வைத்து, லாட்சின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கிளிக் வரை தள்ளிப் பாருங்கள். லைட் மாறாவிட்டால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, கொக்கியைப் பலமுறை திறந்து மூடுங்கள். காய்ந்த கிரீஸும் தூசியும் மட்டுமே என்றால் இதிலேயே சரியாகும். முடிந்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள். மூடிய கொக்கியோடு கதவை அறைந்தால் லாட்ச் நிஜமாகவே உடையும். அந்தக் கதவின் பவர் விண்டோவோ ஸ்பீக்கரோ கூடவே விட்டு விட்டு வேலை செய்தால், கதவுக்கும் பில்லருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கும். லாட்சுக்குக் காசு கொடுத்துப் பயனில்லை.

பிசிஎம்தான் போச்சு என்று ஒர்க்‌ஷாப்பில் அடித்துச் சொன்னால், ஸ்கேனரைப் போட்டு லைவ் டேட்டாவில் ஒவ்வொரு கதவும் திறந்தது, மூடியது என்று காட்டச் சொல்லுங்கள். பிறகு வயரை எர்த் செய்து, அந்த வரி மாறுகிறதா என்று உங்கள் கண்முன் பார்க்கச் சொல்லுங்கள். மாறினால் பிசிஎம் நன்றாக இருக்கிறது. பல மாடல்களில் புது பிசிஎம்முக்கு புரோகிராமிங் கூலியும் தனி. ஜாப் கார்டில் 'கேட்காமல் பாகம் மாற்றக் கூடாது, பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும்' என்று எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் பில், ஜாப் கார்டு, பழைய பாகம், வேறு எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த காரணம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, முதலில் ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.